நம் ஊர்ப் பிள்ளைகளும் உலோகவியற் கல்வியும்

(ஊராட்சி மன்றத் தலைவர்களும் உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஊராட்சிக் கூட்டமென்றால் குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவ்வாறிருக்க, பல்கலைக்கழகப் படிப்பு ஒன்றைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும், பிள்ளையை எதிற் சேர்ப்பது என்று கேட்டுப் பெற்றோர் பலர் நம்மை நாடி வருகின்றனர். சிலர் வரும்போதே நிலப் பத்திரத்தையும் பையில் வைத்துக்கொண்டு வருகின்றனர். அவர்கள் நாவில் வரும் படிப்பு பெரும்பாலும் ஒன்றே. அது கணிப்பொறிப் படிப்பு. அப்படிப்பின் மீது நமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆயினும், அதன் பெயரைத் தவிர வேறு படிப்பின் பெயரே தெரியாமையால் ஒரு குடும்பம் நிலத்தை இழக்குமானால், அது ஊராட்சி மன்றமும் கவலைப்பட வேண்டிய விஷயமே ஆகும்.

ஆதலின் இன்று உங்கள் முன் நாம் வைக்க விரும்புவது உலோகவியல், பொருட்பொறியியல் என்னும் கல்வியைப் பற்றிய சில செய்திகள். பொருட்பொறியியல் என்றவுடன் பணக் கணக்குப் பார்க்கும் பொருளியலோ என்று மயங்க வேண்டா. அது வேறு, இது வேறு. இரும்பு, செம்பு, அலுமினியம், சிமெண்டு, சுட்ட மண், பிளாஸ்டிக் முதலாகிய பொருள்கள் எதனால் உறுதி பெறுகின்றன, எதனால் உடைகின்றன, எவ்வாறு துருப்பிடிக்கின்றன, அவற்றை எவ்வாறு மேலும் நன்றாகச் செய்யலாம் என்று ஆராய்ந்து கற்பதே இக்கல்வி. சில கல்லூரிகளில் உலோகவியல் என்ற பெயரிலும், சிலவற்றில் உலோகவியல் மற்றும் பொருட்பொறியியல் என்ற பெயரிலும் இது நடைபெறுகிறது.

கொல்லன் பட்டறையில் தொடங்கும் கல்வி

இஃது ஏதோ நமக்குத் தொடர்பில்லாத மேல்நாட்டுப் படிப்பு என்று எண்ணுவோர், நம் ஊர்க் கொல்லர் அரிவாள் அடிப்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் இரும்பை உலையிலிட்டுச் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார். அடித்து வடிவாக்கியபின் மீண்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். அவ்வளவில் நிறுத்திவிட்டால் அரிவாள் கண்ணாடி போல் கடினமாகும். ஆனால் ஒரு கல்லிற் பட்டாலும் சிதறிவிடும். ஆதலின் அதனை மறுபடியும் இளஞ்சூடு காட்டுகிறார். தேய்த்து வெளுத்த முனையில் வைக்கோல் நிறம் படரும். சூடு ஏறினால் அது பழுப்பாகிப் பின் நீலமாகும். எந்த நிறத்தில் எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். அரிவாளுக்கு ஒரு நிறம், உளிக்கு ஒரு நிறம், கொழுவுக்கு ஒரு நிறம். இவற்றை அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர்.

இதன் காரணத்தை உலோகவியல் இவ்வாறு விளக்குகிறது. எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கரியும் சேர்ந்த பொருள். ஏறத்தாழ 727 பாகை சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சினால் இரும்பின் அணுக்கள் தம் வரிசையை மாற்றிக்கொள்ளத் தொடங்குகின்றன. புதிய வரிசையில் கரி எளிதாகக் கரைந்து இடம் பெறும். மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து ஒதுங்கிவிடும்; எஃகு மென்மையாயிருக்கும். திடீரெனத் தண்ணீரில் தோய்த்தாலோ, கரி வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த நெருக்கத்தாற்றான் கடினமும் உண்டாகிறது, சிதறும் தன்மையும் உண்டாகிறது. மீண்டும் இளஞ்சூடு காட்டும்போது நெருக்கம் சிறிது தளர்ந்து, உறுதியும் வளையும் தன்மையும் ஒருங்கே கிடைக்கின்றன. வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகை, நீலநிறம் ஏறத்தாழ 300 பாகை. கொல்லர் கண்ணால் அளந்ததை இன்று கருவியால் அளக்கின்றனர். உங்கள் டிராக்டரில் பூட்டும் ரோட்டவேட்டர் கத்தியும் இவ்வாறு காய்ச்சி, தோய்த்து, மீண்டும் இளஞ்சூடு காட்டிச் செய்யப்படுவதே. ஒரு கத்தி ஒரே பருவத்தில் தேய்ந்துபோவதும், மற்றொன்று பல பருவம் உழைப்பதும் பெரும்பாலும் எஃகின் சேர்க்கையையும் இந்தச் சூட்டுக் கணக்கையும் பொறுத்தவை.

பண்டைக் காலத்தில் நம் நாட்டு உருக்கு பிற நாடுகளில் பெயர் பெற்றிருந்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டையொட்டி இரும்பு ஆலை அமைத்த ஹீத் என்னும் ஆங்கிலேயர், நம்மவர் உருக்குச் செய்யும் முறையை எழுதி வைத்துள்ளார். இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மண் குகையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, உலையில் வைத்துத் துருத்தி ஊதினர் என்கிறார். தூய இரும்பு உருக 1538 பாகை வேண்டும். துருத்தி உலையில் அவ்வளவு சூடு கிடைப்பதரிது. குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பிற் கலந்ததும் உருகும் சூடு குறைந்துவிடுகிறது. ஆவாரையும் எருக்கும் அங்கே செய்த வேலை அதுவே. இந்த உருக்கை ஆராய்ந்து மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் 1819-இல் கட்டுரை எழுதினார். மின்சார மோட்டாருக்கு வழிகாட்டிய அதே பாரடேதான். முன்னோர் பெருமையைப் பேசிக் கைதட்டுவது எளிது; அந்த உலையடியில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அக்கல்வியின் பெயரையே அறியாதிருப்பது நமக்கு வருத்தம் தருகிறது.

மேல்நிலைத் தொட்டியும் துருவும்

ஊராட்சி உறுப்பினர்களுக்கு நேரடியாகப் பயன்படும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லுவோம். கடற்கரையோரத்திலும் உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களிலும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளின் தூண்கள் சில ஆண்டுகளிலேயே வெடித்து, சிமெண்டு பெயர்ந்து, கம்பி வெளியே தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். சில இடங்களில் அது மெய்யாயிருக்கலாம். ஆனால் காரணம் பல வேளைகளில் துருவே ஆகும். நல்ல கான்கிரீட்டினுள் காரத்தன்மை மிகுதி. அந்தக் காரம் கம்பியின்மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலோ, கடற்காற்றின் உப்பு நாளடைவில் உள்ளே இறங்கினாலோ அப்படலம் அழிகிறது. துருவானது தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கும் அந்தத் துருதான் தூணைப் பிளக்கிறது. மேலே பூச்சுப் பூசி மறைப்பதால் உள்ளே நடப்பது நிற்பதில்லை.

கம்பிக்கும் வெளிப்பரப்பிற்கும் இடையே விட வேண்டிய கான்கிரீட்டின் கனம் இந்திய நிர்ணயத்தின்படி சாதாரண இடத்தில் குறைந்தது 20 மில்லிமீட்டர், கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர், அதனினும் கடுமையானால் மேலும் மிகுதி. 'கவர் பிளாக்' என்று கொத்தனார் சொல்லும் சிறு கட்டைகளை வைப்பது இதற்காகவே. கட்டை வைக்காமல் கம்பியைத் தரையோடு கிடத்திக் கான்கிரீட் போடுவதைக் கண்டால், உறுப்பினர் என்ற முறையில் வேலையை நிறுத்திக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தத் துருவை ஆராய்வதற்கே நம் மாநிலத்தில் பெரிய நிலையம் ஒன்று உள்ளது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. பாம்பன் கடலில் 1914 முதல் நின்ற பழைய இரயில் பாலம் உப்புக் காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடியதை நீங்கள் அறிவீர்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடற்காற்றைத் தாங்கும் தனிவகைப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. எந்த எஃகு, எந்தப் பூச்சு என்று தேர்ந்து சொல்லுவதற்குப் பொருளறிவு வேண்டும்.

நான்கு ஆண்டுகளில் கற்பது என்ன?

முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் முதலிய பொதுப் பாடங்களே மிகுதி. பின்னர்த் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தல், வார்த்தல், பற்றவைத்தல், சூடேற்றிப் பதப்படுத்தல், துருத் தடுத்தல், பிளாஸ்டிக்கும் சுட்ட மண் பொருள்களும் ஆகியவை வரும். மாணவர் மனத்தைக் கவருவது நுண்ணோக்கிப் பயிற்சி. ஓர் எஃகுத் துண்டைக் கண்ணாடி போல் மெருகேற்றி, நீர்த்த அமிலம் தடவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நெருங்கக் கொட்டிய தானியம்போல் மணிமணியாகத் தெரியும். அம்மணிகள் சிறுத்திருந்தால் எஃகு பெரும்பாலும் உறுதியாயிருக்கும். உடைந்த அச்சாணி ஒன்றைக் கொடுத்தால், அது பாரம் தாங்காமல் ஒரே நாளில் முறிந்ததா, பல மாதம் சிறு வெடிப்பு வளர்ந்து முறிந்ததா என்று உடைந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவர்.

இக்கல்விக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றையும் மேல்நிலைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மனப்பாடத்தால் மட்டும் தேறிய பிள்ளை இங்கே தடுமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் மாநிலத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் உள்ளன. ஆயினும் இப்படிப்பு விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களிலேயே உண்டு. சேலம் அரசு பொறியியற் கல்லூரியிலும், கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும் உலோகவியல் கற்பிக்கப்படுகிறது. இவற்றில் மாநிலக் கலந்தாய்வின் வழியே இடம் பெறலாம். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும், 1959-இல் தொடங்கிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் ஏறத்தாழப் பாதி இடங்கள் நம் மாநிலத்து மாணவர்களுக்கு உரியவை. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்திற்கென 1968-இல் சென்னைக் கிண்டியில் தொடங்கிய மத்திய நிறுவனமான சிப்பெட்டில் பட்டயப் படிப்புகளும் உண்டு. உங்கள் சொட்டுநீர்க் குழாய் வெயிலில் வெடிக்காதிருக்க அதில் 2 முதல் 3 விழுக்காடு கரித்தூள் கலப்பது போன்ற நுட்பங்கள் அத்துறையைச் சேர்ந்தவை.

வேலையும் ஊதியமும்

சில ஆண்டுகளுக்கு முன் உழவர் ஒருவர் கலந்தாய்வுத் தாளுடன் நம்மிடம் வந்தார். மகளுக்கு அரசு கல்லூரியில் உலோகவியல் கிடைத்திருந்தது. "ஐயா, இது இரும்புக் கடைப் படிப்பாமே. பெண்பிள்ளை உலையடியில் நிற்பதா? இதை விட்டுவிட்டு, இரண்டு ஏக்கரைக் கிரயம் செய்து வேறு கல்லூரியில் கணிப்பொறியில் சேர்த்துவிடலாம் என்று உறவினர் சொல்லுகிறார்கள்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மட்டும் கையைவிட்டு வைக்கவில்லை. ஓராண்டு படிக்கட்டும், பிடிக்காவிட்டால் அப்பொழுது பார்க்கலாம் என்று நாம் கூறினோம். அவள் இப்பொழுது கோவைப் பகுதியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பணி செய்கிறாள். உருகிய இரும்பிலிருந்து எடுத்த சிறு வில்லையைக் கருவியில் வைத்து, கரி எவ்வளவு, சிலிக்கன் எவ்வளவு என்று பார்த்து, அவள் சரியென்று சொன்ன பின்னரே அச்சில் இரும்பை ஊற்றுகின்றனர். உலையடியில் நிற்கவும் நேர்கிறது. அதற்கு அவள் அஞ்சவில்லை. இரண்டு ஏக்கரும் அவர்களிடமே இருக்கிறது.

கோவையின் பம்புசெட்டுத் தொழிலுக்கும், ஓசூர், திருப்பெரும்புதூர் வட்டாரங்களின் வாகன உறுப்புத் தொழிலுக்கும் இப்படிப்பினர் தேவைப்படுகின்றனர். திருச்சியில் 1965-இல் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், அதனுடன் 1975-இல் அமைந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இத்துறைக்குப் பெயர் பெற்றவை. கொதிகலன் குழாய் 500 பாகைக்கு மேற்பட்ட நீராவியைப் பல்லாண்டு தாங்க வேண்டும். அச்சூட்டில் எஃகும் சிறுகச் சிறுக நீண்டுகொடுக்கும். எத்தனை ஆண்டில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே கணிப்பது இவர்கள் வேலை. சேலம் உருக்காலை, கல்பாக்கத்தில் 1971-இல் நிறுவப்பட்ட அணு ஆராய்ச்சி மையம், ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம், விண்வெளித் துறை ஆகியவற்றிலும் இடமுண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் குழாய்களையும் பற்றுகளையும் சோதிப்போராக வெளிநாடு செல்வோரும் உளர். மேற்படிப்புக்கான 'கேட்' தேர்வில் தேறி முதுநிலைத் தொழில்நுட்பப் படிப்பிற் சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு இருப்பதால், அப்படிப்பு குடும்பத்திற்குப் பெருஞ்சுமையாவதில்லை.

இனி, மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கணிப்பொறி நிறுவனங்கள்போல் நூற்றுக்கணக்கில் ஆளெடுப்பு இத்துறையில் இல்லை. தனியார் வார்ப்படத் தொழிற்சாலைகளில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு. வெப்பமும் தூசியும் இரவு முறை வேலையும் உண்டு. உலோகவியல் படித்துவிட்டுக் கணிப்பொறி வேலைக்கே சென்றவர்களும் பலர். அரசுத் துறை ஆராய்ச்சி வேலைக்குப் போட்டி மிகக் கடுமை. எளிதில் பெருஞ்சம்பளம் என்ற எண்ணத்தோடு எவரும் இதிற் சேர வேண்டா. பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆவலும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு இது ஏற்றது. மோட்டாரைத் தானே கழற்றிப் பூட்டும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். தேய்ந்த பம்பு விசிறியைப் பார்த்து இது ஏன் இப்படிக் குழி விழுந்தது என்று கேட்கும் பிள்ளையும் இருக்கலாம். அத்தகைய பிள்ளையை விருப்பமில்லாத படிப்பிற்கு விலை கொடுத்து அனுப்புவதை நாம் சரியென்று கருதவில்லை.

விலை என்றோம். நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வாங்குமுன், கலந்தாய்வில் கிடைப்பது என்ன என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கி 2021-இல் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவை கலந்தாய்வின் வழியே சேர்வோர்க்கே உரியன. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடைப்பதில்லை. முதற் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் முன்னரே பெற்று வைத்தல் வேண்டும். இச்சான்றுகள் உரிய நாளில் கைக்கு வாராமையால் சலுகையை இழந்து வருந்திய குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

பொறியியல் இடம் கிடைக்கவில்லையென்றால் வழி அடைந்துவிட்டதென்று கருத வேண்டா. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பல்தொழில்நுட்பப் பள்ளியிற் பட்டயம் பெற்று, பின்னர்ப் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், வார்ப்பாளர் ஆகிய பிரிவுகளும் உள்ளன. நல்ல வெல்டர் ஒருவர் வேலையின்றி இருந்ததை நாம் கண்டதில்லை.

மே மாதம் முதல் நாள் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும் நாள். பெரும்பாலும் தேர்வு முடிவை ஒட்டியே அந்நாள் வருகிறது. அன்று வரவு செலவைப் படித்து முடித்தபின் கால் மணி நேரம் ஒதுக்கி, உள்ளூர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரை அழைத்து, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முறையையும் சான்றுகளின் விவரத்தையும் சொல்லச் செய்யுங்கள். கலந்தாய்வு இணையவழியாக நடைபெறுவதால், கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசையில் பிள்ளைகளே பதிய வேண்டும். அவ்வரிசையில் விட்டுப்போன பாடத்தைப் பின்னர்க் கேட்டுப் பெற இயலாது. அரசு உதவி மையங்களில் கட்டணமின்றிப் பதிந்து தருகின்றனர். தனியார் கணிப்பொறிக் கடையில் முன்பின் அறியாதவர் பதிந்து கொடுப்பதை நம்ப வேண்டா. பள்ளிப் பிள்ளைகளை அருகிலுள்ள பவுண்டரிக்கோ காரைக்குடி நிலையத்திற்கோ அழைத்துச் செல்ல விரும்பும் ஊராட்சிகள் தலைமையாசிரியர் வழியே கடிதம் எழுதினால், உரிய இடங்களுக்கு நாம் பரிந்துரை அனுப்புவோம்.

உறுப்பினர்கள் சிலர் கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். முதலாவது கல்விக் கடன் பற்றியது. அதனை இப்பொழுது எடுத்துக்கொள்வோம்.